நல்ல சொல்லும் ஒரு காவலே

திருகோணமலை செல்லும் புகையிரதம் பட்டினத்தை அடையுமுன் சீனன்குடா நிலையத்தைக் கடந்து செல்கின்றது. பயணிகளின் கண்ணுக்கு இஃது எழில் கொழிக்கும் குடா. இங்கு வாழ்வோருக்கோ உழைப்பின் குடா. பிரித்தானியர் காடு வெட்டி அமைத்த எண்ணெய்க் குதங்கள் ஏறத்தாழ நூறு இங்கே உள்ளன. நாட்டு மக்களுக்குக் கோதுமை மா அரைத்தனுப்பும் பெரிய ஆலையும் இங்கேயே உண்டு. எண்ணெய் தீப்பற்றும் என்பதை யாவரும் அறிவர். காற்றிற் செறிந்த மாத்தூளும் ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்பதை அறிந்தோர் சிலரே.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, இக்குதங்களில் ஒன்று எரிந்தழிந்தது. அது பகைவர் மூட்டிய தீ. ஆனால் தொழிற்றலங்களில் நேரும் விபத்துகளுட் பல, பகைவர் எவருமின்றியே வருகின்றன. "இன்று ஒரு நாளைக்குத்தானே!" என்னும் எண்ணமே அவற்றிற்கு வாயிலைத் திறந்து விடுகின்றது.

அதே 1942ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. சுழலும் இயந்திரத்திற்குத் தடுப்பு வேண்டும் என்று சட்டம் விதிக்கலாம். ஆனால் தொழிலாளியின் கையைப் பழக்குவது எது?

சற்றுச் சிந்திப்போம். கொளுத்தும் வெயிலில் தலைக்கவசத்தைக் கழற்றுபவனுக்கு அக்கணமே காற்றுப் படுகின்றது, சுகம் கிடைக்கின்றது. விபத்தோ அன்று வருவதில்லை. ஒழுங்காக அணிந்திருப்பவனுக்குக் கிடைப்பது வியர்வை ஒன்றுதான். ஆக, கவனமின்மை நாள்தோறும் பரிசு பெறுகின்றது. கவனம் பெறுவதோ எதுவுமில்லை. ஏச்சினால் இதனைத் திருத்த முயன்றால், மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் கவசம் தலையில் ஏறும்; அவர் முதுகு திரும்பியதும் இறங்கிவிடும். அதனாற்றான் சரியான செயலைக் கண்ட அக்கணமே அதனைப் பாராட்டுக என்கின்றனர் உளநூலார். 'நேரான வலுவூட்டல்' என்பது அவர்கள் இதற்கு இட்ட பெயர்.

இது வெறும் உபதேசமா? சீனன்குடாவில் அரைக்கப்படும் மா பேக்கரிகளுக்குச் செல்வதை நாம் அறிவோம். நாம் காட்ட வந்த சான்றும் ஒரு பேக்கரியிற் கிடைத்ததே. அமெரிக்க ஆய்வாளர் யூடி கோமாக்கியும் அவர்தம் துணைவர் இருவரும் 1978இல் அதனை வெளியிட்டனர். அவர்கள் முதலில், "கவனமாய் இரு" என்னும் பொதுச் சொல்லை ஒதுக்கிவிட்டு, கண்ணாற் காணக்கூடிய செயல்களைப் பட்டியலிட்டனர். தட்டுகளை ஒரு தடவையில் இரண்டுக்கு மேல் எடுக்கலாகாது என்பது போன்றவை அவை. பின்னர், பட்டியலின்படி நடந்த அளவைச் சுவரில் ஒரு வரைபடமாக யாவரும் காண மாட்டினர். மேற்பார்வையாளர்களும் நல்ல செயலைக் கண்டவிடத்து வாய்திறந்து பாராட்டினர்.

விளைவு யாது? ஒரு பிரிவில் நூற்றுக்கு 70 ஆக இருந்த பாதுகாப்பான செயல்கள் 96 ஆக உயர்ந்தன. மற்றப் பிரிவில் 78 ஆக இருந்தவை 99 ஆயின. வரைபடத்தை நிறுத்தியதும் அவை 71க்கும் 72க்கும் இறங்கிவிட்டன! பாராட்டு ஒருநாட் கூத்தன்று. பயிருக்கு நீர் போல, விடாது பாய்ச்ச வேண்டியது என்பதை இதனினும் தெளிவாக யார் உரைக்க வல்லார்?

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். "இம்மாதம் விபத்தே இல்லையேல் யாவருக்கும் பரிசு" என்று அறிவிக்கும் முகாமையாளர், தாம் அறியாமலே மௌனத்தை விலைக்கு வாங்குகின்றார். விரல் நசுங்கியவன், தோழர்களின் பரிசு தன்னாற் போய்விடுமே என்று அஞ்சித் துணியைச் சுற்றி மறைப்பான். புண்ணும் முற்றும், அதற்குக் காரணமான இயந்திரமும் திருத்தப்படாமல் அடுத்தவன் விரலுக்காகக் காத்திருக்கும். ஆதலின் பாராட்ட வேண்டியது வெறுமையான விபத்துப் புத்தகத்தை அன்று. சரியாகச் செய்த கையையும், "இங்கே ஆபத்து உண்டு" என்று துணிந்து சொன்ன வாயையுமே. அமெரிக்கச் சுரங்கங்கள் இரண்டில் நெடுங்காலம் நடந்த பரிசுத் திட்டமொன்றில், காயத்தை மறைத்தோர் பரிசை இழந்தனர். பாதுகாப்புக்கு நல்ல யோசனை கூறியோர் பரிசு பெற்றனர். 1987இல் வெளிவந்த அறிக்கை இதனைக் கூறுகின்றது.

மற்றொன்று: தடுப்பில்லாத இயந்திரத்தின் அருகே நிற்பவனுக்குப் புகழ்மாலை கவசமாகாது. தடுப்பு முதலில்; பாராட்டு அதன் பின்னர்.

வீட்டிலும் இவ்வழி பொருந்தும். கொதிக்கும் சட்டியின் கைப்பிடியை உட்புறம் திருப்பி வைத்த மகளுக்கு ஒரு நல்ல சொல் கூறிப் பாருங்கள்; நாளையும் அவள் கை அவ்வாறே செய்யும். தொழிற்றலத்து மேற்பார்வையாளர்களையும் நாம் வேண்டுவது இதுவே: இன்று ஒருவரையாவது, அவர் செய்த நல்ல செயலைப் பெயரிட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள். செலவு ஒரு சதமுமில்லை. அந்தியில் வாசலைப் பார்த்திருக்கும் பிள்ளைகளிடம், தந்தை முழு உடலுடன் வந்து சேர்வார். அதனினும் பெரிய ஊதியம் வேறெது?