வரப்பு மாறினாலும் மாறாத கட்டம்

எங்க துறையூருக்கு இப்போது இன்னொரு பெயரும் உண்டு: எம்99-6. பட்டாவில் தேடினால் கிடைக்காது. இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் என்ற கட்டக் குறியீட்டின் முதல் நாலு எழுத்து அது. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கினார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு என்றாலும், பண்ணைப் பதிவேடு எழுதும் நமக்குத்தான் அது அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

சூட்சுமம் எளிது. இந்தியாவைக் கடலோடு சேர்த்து ஒரு பெரிய சதுரத்தில் வைத்து, நாலுக்கு நாலு என்று 16 கட்டமாகப் பிரிக்கிறார்கள். நம்ம கட்டம் எம். அதை மறுபடி 16 ஆக்கினால் நாம் இருப்பது 9. இன்னொரு முறை பிரித்தாலும் 9. இந்த எம்99 சுமார் 60 கிலோமீட்டர் அகலம், நாமக்கல்லும் இதற்குள்தான். பெரம்பலூர் எம்98, திருச்சி மலைக்கோட்டை எம்97. இப்படிப் பத்து முறை பிரித்தால் கடைசிக் கட்டம் நாலு மீட்டர் சதுரத்துக்கும் சற்றுக் குறைவு. குறியீட்டின் கடைசி எழுத்தை நீக்கினால், அதைப் பெற்ற பெரிய கட்டம் வந்துவிடும்.

ஒண்ணும் புதுசில்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத் தாள்களும் இதே 16 கணக்குதான். நாலு டிகிரிச் சதுரம் 58, அதில் பதினாறில் ஒன்று ஐ, அதிலும் பதினாறில் ஒன்று 12. துறையூர் இருக்கும் தாள் 58 ஐ/12.

நமக்கு என்ன பயன்? பாகப்பிரிவினை நடந்தால் சர்வே எண் உடையும். 3 என்பது 3ஏ, 3பி ஆகும். பத்து வருஷ மண் பரிசோதனை எந்தத் துண்டுக்குச் சேரும்? கட்டம் யார் பிரித்தாலும் நகராது. எட்டெழுத்துக் கட்டம் நம்ம பகுதியில் ஏறக்குறைய 60 மீட்டர் சதுரம், அதாவது 90 சென்ட். நோட்டில் நான் கட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். கட்டம் வரப்பை மதிக்காதுங்க; பாதி நெல்லும் பாதி சின்ன வெங்காயமும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் மட்டும் ஒன்பதெழுத்துக்கு, அதாவது ஐந்தரை சென்ட் அளவுக்கு இறங்குகிறேன். பிறகு அந்தப் பதினாறையும் சேர்த்து மேல்கட்டத்துக்கு ஏற்றலாம். மகசூலைக் கூட்டணும்; மண்ணின் கரிம அளவைச் சராசரி எடுக்கணும். இதைக் குழப்பினால் கணக்கு நாசம். பத்தாவது எழுத்து வேண்டாம், தென்னைக்கு அடியில் நின்றால் போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப் போகும்.

இரண்டு ஊர் அருகில் இருப்பதைக் குறியீட்டை வைத்துத் தீர்மானிக்கவும் கூடாது. ராசிபுரம் எம்99, அடுத்துள்ள சேலமோ 4-ல் தொடங்கும். நடுவே பெரிய கட்டத்தின் கோடு போகிறது, அவ்வளவுதான்.

அரசிடம்தான் எல்லாத் தரவும் இருக்கிறதே, நாம் ஏன் எழுதணும் என்று சிலர் கேட்கிறார்கள். வானிலைத் துறையின் தினசரி மழைத் தரவு கால் டிகிரிக் கட்டங்களில் வருகிறது. ஒன்று ஏறக்குறைய 27 கிலோமீட்டர். பச்சைமலை உச்சியும் அடிவாரப் பருத்திக் காடும் ஒரே கட்டத்தில் விழுந்தால் இரண்டுக்கும் ஒரே மழைதான் பதிவாகும். அடிவாரம் காய்ந்தது அதில் தெரியாது. 90 சென்டின் கதை நம்ம மழைமானியிலும் நோட்டிலும் மட்டும்தான் இருக்கும்.

வயலில் நின்று அஞ்சல் துறையின் டிஜிபின் இணையப் பக்கத்தைப் போனில் திறந்தால் குறியீடு வரும். இது உரிமை ஆவணம் இல்லை. அதற்குப் பட்டாவும் புலப்படமும்தான். குழுவில் படைப்புழு தாக்குதலைச் சொல்லும்போது ஆறெழுத்து போதும், ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளவர்கள் உஷாராகிவிடுவார்கள். முழுக் குறியீட்டைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.