மூன்றடித் தண்ணீர்

பவானிசாகர் அணையின் முழு அளவு 105 அடி. ஆனால் அக்டோபர் முடியும்வரை 102 அடிதான் வைக்கலாம், மிஞ்சியது ஆற்றோடு! அந்த மூன்றடி, சுமார் இரண்டரை டி.எம்.சி. மாசி வெயிலில், “இன்னும் ஒரு தண்ணி கிடைத்தால் கடலை தேறுமே” என்று தவிக்கும் கீழ்பவானிக் குடியானவருக்கு வயிறு எரியாதா?

என்ஜினீயர்கள் கணக்கு வேறு. 1955-இல் முடிந்த இவ்வணை, எட்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் அணை. கற்கட்டின்மேல் வெள்ளம் வழிந்தால் அது தாக்குப்பிடிக்கக்கூடும். மண்கரை மீது வழிந்தாலோ அரித்துக்கொண்டு போய்விடும். பவானியும் மோயாறும் இரவோடிரவாகப் பெருகி வந்தால் மதகுகளைத் திறந்து சமாளிக்க அவகாசம் வேண்டாமா? அந்த அவகாசத்துக்குக் கொடுக்கும் விலைதான் மூன்றடி.

நவம்பர் பிறந்ததும் 105 அடிக்கு அனுமதி உண்டு. அதன்பிறகு அணைக்குத் தண்ணீர் வருமா என்பது வருண பகவானுக்கே வெளிச்சம்.