தைப்பது திண்ணையில், பொறுப்பு எவரிடம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் பல தலைமுறைகளாக வேரூன்றி நிற்கிறது. இங்கு உருவாகும் காலணிகள் கடல் கடந்து ஐரோப்பியக் கடைவீதிகளைச் சென்றடைகின்றன. ஆயினும் அக்காலணிகள் யாவும் முழுவதும் ஆலைக்குள்ளேயே தைக்கப்படுவதில்லை. வெட்டிய தோல் துண்டுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு, ஏஜெண்டு ஒருவர் வழியாகத் தெருத்தெருவாய் வீடுகளுக்கு வருகின்றன. சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக எஞ்சிய நேரத்தில், நம் சகோதரிகள் திண்ணையில் அமர்ந்து ஊசியும் நூலும் கொண்டு மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கின்றனர். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்பது கணக்கு.

இப்பெண்ணுக்கு முதலாளி யார்? ஏஜெண்டைக் கேட்டால் தாம் வெறும் இடையாள் என்கிறார். ஆலையைக் கேட்டால் அவள் பெயர் தங்கள் பதிவேட்டில் இல்லை என்கின்றனர். விரலில் ஊசி ஏறினாலும், கண் மங்கினாலும், முதுகு வளைந்தாலும், பிரசவ காலம் வந்தாலும் கேட்பாரில்லை. உழைப்பு ஒருவருடையது, ஊதியம் ஒருவர் பையில், பொறுப்பு மட்டும் எவருடையதும் அன்று! இந்நிலை நீதியாகுமா, வாசக அன்பர்களே?

சட்டம் இக்கேள்விக்கு நெடுநாட்களுக்கு முன்பே விடை தேடத் தொடங்கிவிட்டது. குடியாத்தம், வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றும் குடும்பங்களை நாம் அறிவோம். இலையும் தூளும் வாங்கிச் சென்று வீட்டில் சுற்றித் தருவோரும் தொழிலாளரே என்று 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1973-இல் ஆந்திர மாநிலத்துத் தையற்கடை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரியதொரு தீர்ப்பளித்தது. துண்டுக் கணக்கில் கூலி பெற்ற தையற்காரருள் சிலர் துணியை வீட்டிற்கும் எடுத்துச் சென்றனர். அவர்களும் கடையின் ஊழியரே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தைத்தது சரியில்லை என்று ஒதுக்கவும், பிரித்து மீண்டும் தைக்கச் சொல்லவும் கடைக்காரருக்கு உரிமை இருந்ததல்லவா? அந்த உரிமையே அவர் முதலாளி என்பதற்கு முக்கியச் சான்றாயிற்று. இதே நியாயத்தைப் பின்பற்றி, வீட்டில் பீடி சுற்றுவோருக்கும் சேமநிதி உண்டு என்று 1985-இல் அந்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது.

அந்த அளவுகோலை நம் திண்ணைக்குக் கொண்டு வந்து பார்ப்போம். தையல் கோணினால் ஜோடியைத் திருப்பி அனுப்புகிறவர் யார்? எந்த நாளுக்குள் எத்தனை ஜோடி வேண்டும் என்று குறிக்கிறவர் யார்? தோலும் நூலும் யாருடையவை? ஒவ்வொரு வழக்கும் அதனதன் விவரங்களைக் கொண்டே தீர்க்கப்படும் என்பது மெய். ஆயினும் தரத்தை ஆளுகிறவர் பொறுப்பை மட்டும் உதறிவிட இயலாது என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்கள் இருபத்தொன்பதன் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழில் நடத்துவோர் மனத்தில் இருத்த வேண்டியவை பல. பணியில் அமர்த்துவோருக்கு நியமனக் கடிதம் தருதல் வேண்டும். மாதக் கூலியை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கொடுத்தல் வேண்டும். மிகை நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி உண்டு. துண்டுக் கணக்கில் வேலை செய்தாலும், அதற்கெனத் தனிக் குறைந்தபட்ச வீதம் குறிக்கப்படாதபோது, நேரக் கணக்கின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்குதல் ஆகாது. ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால், அதனைத் தரும் கடமை முதன்மை முதலாளியைச் சாரும். பத்துப் பேர் உழைக்குமிடத்தில் ஈ.எஸ்.ஐ.யும், இருபது பேர் உழைக்குமிடத்தில் சேமநிதியும் பொருந்தும். வீட்டில் உழைப்போரைக் கணக்கில் காட்டாமல் தலை எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்வது சாமர்த்தியமன்று. அது பிறர் முதுமையைத் திருடுவதாகும்.

திருச்சபையின் போதனையும் இதற்கு இயைந்ததே. நியாயமான கூலி என்பது ஒப்புக்கொண்ட தொகை மட்டுமன்று, உழைப்பவன் வாழப் போதுமானதாயும் இருத்தல் வேண்டும் என்று 1891-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் விளக்கினார். மனித உழைப்பைப் பற்றி 1981-இல் மடல் வரைந்த பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், நேர்முக முதலாளியோடு மறைமுக முதலாளியும் உண்டு என்றார். கூலி கொடுக்கும் கை ஏஜெண்டினுடையதாக இருக்கலாம்; அக்கூலியின் அளவை வகுப்பது தொலைவிலுள்ள நிறுவனமாக இருக்கலாம். அவ்விருவரும் கடவுள் முன் கணக்குக் கொடுக்க வேண்டியவரே.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை? தைக்கும் சகோதரிகள் ஒரு குறிப்பேடு வைத்துக் கொள்ளட்டும். வாங்கிய நாள், ஜோடிகளின் எண்ணிக்கை, பேசிய கூலி, பெற்ற கூலி, திருப்பப்பட்டவை ஆகியவற்றை எழுதி வரட்டும். வேலை எந்த நிறுவனத்தினுடையது என்று கேட்டுக் குறித்துக் கொள்ளட்டும். நாளை உரிமை கோரும்போது அக்குறிப்பேடே பேசும். தோல் பொருள் தயாரிப்போருக்கும் தோல் பதனிடுவோருக்கும் தமிழக அரசின் நல வாரியம் உண்டு. அதில் பதிவு செய்தால் பிள்ளைகளின் கல்விக்கும், பிரசவத்திற்கும், முதுமைக்கும் உதவி கிடைக்கும். ஆயினும் வாரியத்தின் உதவி, முதலாளியின் கடமைக்கு ஈடாகாது.

ஏஜெண்டுகளாய் இருக்கும் நம் பங்குச் சகோதரருக்கும் ஒரு சொல்: நீவிரும் பெரும்பாலும் உழைப்பாளியே. நிறுவனம் தரும் வீதத்தை மறைக்காது சொல்லுங்கள்; உரிய நாளில் கூலி கொடுங்கள்; நிறுவனத்தோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஆலை நடத்துவோரும் திண்ணையில் தைப்பவர் பெயரைத் தம் பதிவேட்டில் ஏற்றுவார்களாக. காலணியின் ஒவ்வொரு தையலையும் சோதித்துப் பார்க்க ஆளை நியமிப்பவர்களுக்கு, அதைத் தைத்த கையைத் தெரிந்து கொள்வது அரிய காரியமா?