புதிய கடல் மீனை வரவேற்க ஓர் எக்ஸெல் பைல்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்பது, “எக்ஸெல் எல்லாம் ஆபீஸ் கணக்குக்குத்தானே, வீட்டில் அதற்கு என்ன வேலை?” என்பதுதான். மாதச் செலவுக் கணக்கு போடலாம் என்று சொன்னால் யாரும் உற்சாகம் அடைவதில்லை. எனவே இந்த மாதம் சற்று வித்தியாசமான ஒரு வேலையைப் பார்ப்போம். கடையிலிருந்து பையில் வரும் கடல் மீன் ஒன்றை, பதற்றம் தணித்து நம் வீட்டுத் தொட்டியில் குடியேற்றுவது எப்படி? இதற்கு எக்ஸெல் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம்.

நான் இருப்பது வானகரத்தில். எங்கள் ஊரில் மீன் என்றால் மொத்த மார்க்கெட்டும், வஞ்சிரமும் சங்கராவும்தான் நினைவுக்கு வரும். வளர்க்கும் மீன் வேண்டும் என்றால் கொளத்தூருக்குத்தான் செல்ல வேண்டும். சென்னையில் வண்ண மீன் வியாபாரத்திற்குப் பெயர் பெற்ற இடம் அது. அங்கே பெரும்பாலும் நன்னீர் மீன்கள்தான் என்றாலும், கடல் மீன் விற்கும் கடைகளும் உண்டு. “பைண்டிங் நீமோ” படம் 2003ல் வந்ததிலிருந்து, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனுக்கு நீமோ என்பதே பெயராகிவிட்டது. முதன்முதலாக உப்புத் தண்ணீர் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் தேடுவது இதைத்தான்.

மீன் ஏன் பதறுகிறது?

கடல் மீனின் உடலில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ள உப்பைவிடக் குறைவு. ஆகவே அதன் உடலிலிருந்து தண்ணீர் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடிக்கிறது. கூடுதல் உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. உப்பளவு திடீரென்று உயர்ந்தால் இந்தச் சமநிலை கெடும். சற்றுக் குறைந்த உப்பை மீன் ஓரளவு தாங்கும். திடீரென்று கூடும் உப்பைத் தாங்குவதுதான் கடினம்.

இத்துடன் வலை, பை, ஆட்டோ குலுக்கல், வெளிச்சம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பதற்றத்தில் மீனின் உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. இது நீடித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். வந்த ஒரு வாரத்தில் வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடல் நீரின் உப்பளவு ஆயிரத்தில் 35 பங்கு. ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் ஏறக்குறைய 1.026 காட்டும். பல கடைகளில் இதைவிடக் குறைத்து, 28 பங்கு (சுமார் 1.021) அளவில் வைத்திருப்பார்கள். கடையில் 28, உங்கள் தொட்டியில் 35 என்றால், பையை வெட்டி அப்படியே மீனை விடுவது ஆபத்து.

பையைத் திறந்தவுடன் நடப்பது

“அப்படியானால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் விட்டு, இரண்டு மணி நேரம் பழக்கலாமே?” என்று கேட்கலாம். பலர் செய்வது இதைத்தான். கொளத்தூரிலிருந்து வானகரத்திற்குச் சிறிது நேரத்தில் வந்துவிடும் மீனுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மண்டபம் பகுதியிலிருந்து இரவு முழுக்கப் பையில் பயணம் செய்த மீனின் கதை வேறு.

மூடிய பையில் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. அதனால் நீரின் பிஎச் அளவு இறங்குகிறது. மீனின் கழிவாகிய அம்மோனியாவும் சேர்கிறது. ஆனால் பிஎச் குறைவாக உள்ளவரை அதில் பெரும்பகுதி, தீங்கு குறைந்த அம்மோனியம் வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறத் தொடங்கும். பிஎச் ஓர் எண் உயர்ந்தால் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். பிஎச் கூடிய தொட்டி நீரைச் சொட்டவிடுவது இதை இன்னும் வேகப்படுத்தும். மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அதை நச்சு நீரில் வைத்திருப்போம்.

ஆகவே நான் பின்பற்றும் வழி இதுதான். மீனைத் தண்ணீருக்குப் பழக்க வேண்டாம். மீன் வருவதற்கு முன்பே, தண்ணீரை மீனுக்கு ஏற்றதாக மாற்றி வைத்துவிட வேண்டும். இங்கேதான் எக்ஸெல் உதவுகிறது.

முதல் ஷீட்: தண்ணீர்க் கணக்கு

பெரிய தொட்டியில் நேரடியாக மீனை விடக் கூடாது. 40 லிட்டர் அளவில் தனித் தொட்டி ஒன்று தேவை. அடியில் மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி பைப் துண்டுகள் இரண்டு போதும். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டிவிடுங்கள். ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றைச் சில வாரங்கள் முன்னதாகவே பெரிய தொட்டியில் ஓடவிட்டு, பின் இங்கே மாற்ற வேண்டும். அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன.

தொட்டியின் கொள்ளளவு தெரியாதா? நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

மீன் வாங்குவதற்கு முந்தைய நாள் கடைக்குப் போன் செய்து உப்பளவைக் கேளுங்கள். இப்போது எக்ஸெல் திறந்து, முதல் வரிசையில் ஏ, பி, சி, டி ஆகிய நான்கு நெட்டு வரிசைகளுக்கும் தலைப்பு கொடுங்கள்: தொட்டி லிட்டர், தொட்டியின் உப்பு, கடையின் உப்பு, மாற்ற வேண்டிய லிட்டர். அடுத்த வரிசையில் முறையே 40, 35, 28 என டைப் செய்திடுங்கள். டி2 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவைத் தரவும். செல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துகளில் அமைக்க வேண்டும்.

=ஏ2*(1-சி2/பி2)

என்டர் தட்டியவுடன் 8 எனக் கிடைக்கும். அதாவது, தனித் தொட்டியிலிருந்து 8 லிட்டர் உப்பு நீரை எடுத்துவிட்டு, 8 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் உப்பளவு 28க்கு வந்துவிடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற வேண்டாம். அதில் குளோரின் இருக்கலாம். கடை மாறினால் சி2 செல்லில் உள்ள எண்ணை மட்டும் மாற்றுங்கள். விடை தானாக மாறிவிடும். இந்த பைலை “மீன்” என்ற பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

மீன் வரும் நாள்

அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிடுங்கள். பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் வரை தொட்டி நீரில் மிதக்கவிடுங்கள், வெப்பநிலை சமமாகும். பின்னர் பையைத் திறந்து, கொஞ்சம் நீர் எடுத்து உப்பளவைச் சோதியுங்கள். தொட்டியின் அளவோடு ஒத்துப்போனால் உடனே மீனைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் ஏந்தி விட்டுவிடலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் அம்மோனியாவும் கிருமிகளும் இருக்கும்.

அன்று முழுவதும் விளக்கு வேண்டாம்; உணவும் வேண்டாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். பார்த்தே ஆக வேண்டுமா? பழைய மொபைல் போன் ஒன்றை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்து, அடுத்த அறையில் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். ஆள் அருகில் இல்லாதபோது மீன் எப்படி இருக்கிறது என்பது அதில்தான் தெரியும்.

இரண்டாவது ஷீட்: தினக்குறிப்பு

அதே பைலில் கீழே உள்ள கூட்டல் குறியில் கிளிக் செய்தால் புதிய ஷீட் திறக்கும். தேதி, வெப்பநிலை, உப்பு, அம்மோனியா, 15 விநாடியில் மூச்சு, உணவு என ஆறு தலைப்புகள் கொடுங்கள். செவுள் மூடி எத்தனை முறை அசைகிறது என்பதே மூச்சுக் கணக்கு. வீடியோவை மெதுவாக ஓடவிட்டு எண்ணினால் பிசகாது. அம்மோனியா நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் பார்மட்டிங் மூலம் 0க்கு மேல் எந்த எண் வந்தாலும் செல் சிவப்பாகும்படி அமையுங்கள். சிவப்பு தெரிந்தால் அன்றே கால் பங்கு நீரை, அதே உப்பளவு உள்ள புது நீரால் மாற்ற வேண்டும்.

கடைசியாக நான் வாங்கிய நீமோவின் குறிப்பைச் சொல்கிறேன். முதல் நாள் மாலை மூச்சு 35. பைப்புக்குள் போனது வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் 31, சாப்பிடவில்லை. மூன்றாம் நாளும் உணவு இல்லை. வீட்டுக்கு வந்த என் அக்கா மகனுக்குப் பொறுக்கவில்லை. “மாமா, செத்துடப் போகுது. ஏதாவது மருந்து ஊத்திடலாமா?” என்றான்.

“இருடா, முதல்ல ஷீட்டைப் பார்ப்போம்” என்றேன். அன்றைய மூச்சு 26. அம்மோனியா 0. வெப்பநிலை 27லேயே நிற்கிறது. மூச்சுக்கான எண்களைத் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் தேர்ந்தெடுத்தேன். கோடு தினமும் இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணுக்குச் சோர்ந்து தெரிந்த மீன், எண்களில் தேறிக்கொண்டிருந்தது. மருந்து எதுவும் ஊற்றவில்லை. நான்காம் நாள் 22. ஐந்தாம் நாள் காலை, உறையவைத்த ஆர்ட்டீமியா சிறிது போட்டபோது பைப்பின் வாயிலிருந்து வந்து இரண்டு வாய் கவ்விவிட்டு உள்ளே ஓடியது. “உணவு” என்ற கட்டத்தில் அன்றுதான் “ஆம்” என்று டைப் செய்தேன்.

கோடு ஏறிக்கொண்டே போனாலோ, மீன் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினாலோ காத்திருக்கக் கூடாது. முதலில் அம்மோனியா, அடுத்து காற்று, மூன்றாவதாக வெப்பநிலை என்று வரிசையாகச் சோதியுங்கள். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஊற்றுவது சோர்ந்த மீனுக்கு இன்னொரு சுமை. தாமிரம் கலந்த மருந்துகள் இறால், பவளம் போன்றவற்றைக் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் ஒருபோதும் வேண்டாம்.

உப்பை எப்படி உயர்த்துவது?

மீன் சாப்பிடத் தொடங்கிய பிறகு, நாளொன்றுக்கு ஒரு பங்கு வீதம் 28லிருந்து 35க்குக் கொண்டு செல்லலாம். ஏழு நாள் ஆகும். 40 லிட்டருக்கு ஒரு பங்கு உயர்த்தச் சுமார் 40 கிராம் கடல் உப்புக் கலவை தேவை. சமையல் உப்பு உதவாது. தொட்டியிலிருந்து 2 லிட்டர் எடுத்து, இரவு முழுக்கக் காற்றுக்கல் ஓடவிட்டு உப்பைக் கரைத்து, காலையில் மீன் இல்லாத மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு மட்டும் எப்போதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான். ஆவியில் உப்பு போவதில்லை.

தனித் தொட்டியில் குறைந்தது 30 நாள் இருக்கட்டும். வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணி சில நாள் மீன் உடலில் இருக்கும். பிறகு விலகி அடியில் தங்கிப் பெருகி மீண்டும் ஏறும். ஒரு வாரம் புள்ளி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

கரண்ட் போனால்?

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். உப்பு நீரில் இன்னும் குறைவு. சென்னை வெயிலில் பம்ப் நின்றால் நிலைமை விரைவில் மோசமாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் போனது நினைவிருக்கும். கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஏர் பம்ப்பைச் சொருகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சில யூபிஎஸ்கள் லோடு மிகக் குறைவாக இருந்தால் தாமாகவே நின்றுவிடும். எனவே முன்னதாகச் சோதித்துப் பாருங்கள். பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி ஏர் பம்ப் இதைவிட எளிது. அதிலும் சில பவர் பேங்குகள் இதே போல நிற்பதுண்டு; ஓர் இரவு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கம்ப்யூட்டர் மேஜையையும் தொட்டியையும் ஒட்டி வைக்காதீர்கள். குமிழ்கள் உடைந்து தெறிக்கும் உப்பு நீர், உலோகத்தை அரித்துவிடும். தொட்டியிலிருந்து வரும் ஒயர், பிளக் பாயிண்ட்டைவிடத் தாழ்வாகத் தொங்கிப் பின் மேலே ஏறட்டும். ஒயர் வழியே வழியும் நீர் பிளக்கில் இறங்காமல் தரையில் சொட்டும்.

வாங்கும்முன் மூன்று கேள்விகள்

மீன் கடைக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று? என் கண் முன்னால் உணவு போட்டால் சாப்பிடுமா? கடலில் பிடித்ததா, பொரிப்பகத்தில் வளர்த்ததா? மூன்றாவது கேள்வி முக்கியம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்தில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே குஞ்சு பொரித்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த மீன் தொட்டிக்கும் உலர்ந்த உணவுக்கும் பழகியது, பதற்றமும் குறைவு. கடலிலிருந்து ஒரு மீனும் குறைவதில்லை. கடல் குதிரை, உயிர்ப் பவளம் ஆகியவற்றை யாராவது விற்க முன்வந்தால் வாங்காதீர்கள். இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

இந்த மூன்று கேள்விகளையும் பைலின் மூன்றாவது ஷீட்டில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அடுத்த மீன் வாங்கும்போது ஷீட் பெயரின் மீது ரைட் கிளிக் செய்து “மூவ் ஆர் காப்பி” மூலம் புதிய பிரதி எடுத்துக்கொள்ளலாம். பழைய குறிப்பை அழித்துவிட வேண்டாம். புதிய மீன் மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கும்போது, முன்பு வந்த மீனும் இப்படித்தான் இருந்தது என்று காட்ட அதுதான் கையில் இருக்கும்.