பத்தாயிரம் இந்தியரின் ரத்தப் பேரேடு

பெங்களூர் மக்கள் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தின் முன் தினமும் பஸ்ஸில் போகிறோம். அதனுள்ளே இயங்கும் மூளை ஆராய்ச்சி மையம், நம் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரு பெரும் பணியை ஒருங்கிணைத்து முடித்திருக்கிறது.

மனித உயிரணுவில் சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட பரம்பரைச் செய்தி அடங்கியிருக்கிறது. 'ஜீனோம்' என்பது இதுவே. ஆளுக்கு ஆள் இதில் லட்சக்கணக்கான எழுத்துக்கள் மாறுபடும். பெரும்பாலானவை தீங்கற்றவை. நோய் தருவது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இங்கேதான் பேரேடு வேண்டும். நோயாளியிடம் ஒரு மாறுதலைக் கண்டதும், ஆராய்ச்சியாளர் கம்ப்யூட்டரில் தொகுத்து வைத்துள்ள பல்லாயிரம் பேரின் ஜீனோமுடன் ஒப்பிடுகிறார். நோயற்ற பலரிடமும் அது இருந்தால் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். மிக அரிதாக இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் உலகத் தொகுப்புகளில் இடம் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். எங்கள் ரயில்வே பார்சல் ஆபீசில் பதிவாகாத மூட்டை, வராத மூட்டைதான். நம் நிலையும் அதுவே!

விடுபட்ட 25 எழுத்துக்கள்

ஓர் உதாரணம் பாருங்கள். ஐதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி டாக்டர் கே. தங்கராஜ் குழுவினரின் ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான ஜீனில் 25 எழுத்துக்கள் விடுபட்டவர்களுக்கு, நடு வயதுக்குப் பின் இதயம் பலவீனமடையும் அபாயம் அதிகம் என்று அவர்கள் கண்டனர். இந்தியரில் 100-க்கு 4 பேரிடம் இக்குறை உண்டு. ஐரோப்பியரின் ஏட்டை மட்டும் புரட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா?

அந்தக் குறையைப் போக்கவே 'ஜீனோம் இந்தியா' திட்டம் 2020-ல் தொடங்கியது. 20 நிறுவனங்கள் கைகோத்தன. 10,000 பேரின் ஜீனோம் படிக்கப்பட்டு, பரீதாபாத்திலுள்ள இந்திய உயிரியல் தகவல் மையத்தில் சேமிக்கப்பட்டது. 2025 ஜனவரி 9-ந் தேதி முதல் இது ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. விண்ணப்பித்து அனுமதி பெற்றே பயன்படுத்த முடியும்.

நாட்டிலுள்ள ஆயிரக்கணக்கான சமூகங்களில் இதில் இடம் பெற்றவை 80-க்குச் சற்றே அதிகம். எனவே இன்னும் பலரது ரத்தம் தேவைப்படும். நாளை நம்மிடமும் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன், நம் தகவல் யார் கைக்குப் போகும், பெயர் மறைக்கப்படுமா என்று தமிழிலேயே விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.