காமாலையும் கீழாநெல்லியும்

வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால் போதும். வைத்தியரை அழைக்குமுன் வேலியோரம் கீழாநெல்லி தேட ஆள் போய்விடும். அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். உப்புக் கூடாது, எண்ணெய் கூடாது என்று பத்தியம் வேறு. சில வாரங்களில் நோயாளி தெளிந்து எழுந்திருப்பார். பச்சிலையின் புகழ் ஊரெங்கும் பரவும்.

அந்தப் புகழில் பெரும் பங்கு நோயாளியின் ஈரலுக்கே உரியது என்பது நமது அபிப்பிராயம். காமாலை தனியான ஒரு வியாதியன்று, வியாதியின் அடையாளம். இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து அழிகின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சட் பொருளை ஈரல் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. இவ்வேலை கெட்டால் மஞ்சள் இரத்தத்தில் தேங்கும். பகல் வெளிச்சத்தில் வெள்விழியைப் பார்த்தால் தெரிந்துவிடும். (காரட்டை மிதமிஞ்சித் தின்பவர்களுக்கு உள்ளங்கை மஞ்சளிக்கலாம், விழி மட்டும் வெளுப்பாகவே இருக்கும். அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.)

மலம் களிமண்போல் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடலெங்கும் அரிப்பும் இருந்தால் பித்தநீர்க் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கக்கூடும். அதை எந்தப் பச்சிலை கரைக்கும்? அங்கே கழியும் ஒவ்வொரு வாரமும் நஷ்டமே.

அசுத்த ஜலத்தினால் வரும் காமாலைதான் நம் நாட்டில் சாதாரணம். 1955-ஆம் வருஷக் கடைசியில் டில்லியில் யமுனை ஜலத்தில் சாக்கடை கலந்தது. குடிநீர்க் குழாய் வழியே ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கண்டது. 'ஈ' வகைக் கிருமியே அதற்குக் காரணமென்று பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஜலத்தால் வரும் 'ஏ', 'ஈ' வகைகள் பெரும்பாலோருக்குத் தாமே குணமாகின்றன. பச்சிலை பெயர் வாங்குவது இங்கேதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு 'ஈ' வகை உயிருக்கே அபாயம். அவர்களை ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

'பி' வகையோ வேறு சுபாவம் உடையது. இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தில் தாயிடமிருந்தும் தொற்றி, பல வருஷம் ஓசையின்றி இருந்து, ஈரலைச் சுருக்கிவிடும், புற்றுநோயும் உண்டாக்கும். அந்தக் கிருமியைக் கண்டறிய வழி செய்த பிளம்பெர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் சென்னை ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நம் கீழாநெல்லியையே சோதித்து, 1988-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் 'பி' கிருமியின் அடையாளம் மறைந்ததாம். நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆயினும் பிற்பாடு வேறிடங்களில் செய்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தவில்லை. சுதேசி மூலிகை என்பதற்காக அதைச் சொல்லாமல் விடலாகாது.

'பி'யைத் தடுக்க ஊசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். இரத்தத்தால் பரவும் 'சி' வகைக்கு ஊசி இல்லை. ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகிறது. இரண்டுக்கும் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்கத் தேசியத் திட்டம் 2018-இல் தொடங்கிற்று.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியைப் பட்டினி போடாதீர்கள், பசித்ததைக் கொடுக்கலாம். மது அறவே ஆகாது. ஜுரத்துக்கு மாத்திரை கொடுக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். கையில் சூடு போடுவது வெறும் கொடுமை. நோயாளி பகலில் தூங்கி இரவில் விழித்தாலும், பேச்சுத் தடுமாறினாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும், விடியும்வரை காத்திராமல் வண்டி கட்டுங்கள்.