அடுப்பு மூட்டாத கறி

28 வருடம் குடும்பநல மாதுவாக வேலை செய்தேன். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி, திருக்கடலூர், மனையாவெளி, உப்புவெளிப் பக்கமெல்லாம் சைக்கிளில் போய் நான் தட்டாத படலை இல்லை. பையில் பிள்ளைகளின் நிறை பார்க்கும் தராசு, தாய்மாருக்கான இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷா பக்கெற். வாயில் எப்போதும் ஒரே புத்திமதி: "இலைக்கறி சாப்பிடுங்கோ."

2022 நடுப்பகுதியில் கடற்கரையோரம் ஒரு வீட்டுக்குப் போனபோது அந்தப் புத்திமதி என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகளின் தாய் அவள். கணவருக்குக் கடலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லை. குசினியில் காஸ் சிலிண்டர் வெறுமையாய்க் கிடந்தது.

"மிஸ்ஸி, ஒரு நேரம் சோறு பொங்கிறதே பெரும்பாடு. இதில கீரை அவிக்க எங்க போறது?"

"பிள்ளை, கீரைக்கு அடுப்பு எதுக்கு?" என்றேன்.

என் சைக்கிள் கூடையில் ஒரு கட்டு வல்லாரை இருந்தது. அதைக் கழுவி நூல்போல அரிந்தேன். நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, கொஞ்சம் மாசித்தூள், உப்பு. கடைசியில் பாதித் தேசிக்காய். கையால் பிசறிச் சோற்றின் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள் வழித்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மீன், முட்டை, பால்மா எல்லாம் கை எட்டாத இடத்துக்குப் போயின. அப்போதும் ஏழை வீட்டுக்குக் கைகொடுத்தது இந்தப் பச்சைச் சம்பல்தான். இதைச் செய்யும் முறையை எங்கள் அம்மம்மாமார் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. ஆனாலும் அதில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் இருக்கிறது.

இலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் இலகுவாகச் சேராது. தேசிக்காயின் விற்றமின் சி அதைச் சேரவைக்கும். மாசியும் அதற்கு உதவும். தேங்காயின் கொழுப்பு, இலையிலுள்ள கரோட்டினை உடம்பு எடுத்து விற்றமின் ஏ ஆக்கத் துணைபோகும். கொதிக்க வைத்தால் குறைந்துபோகும் விற்றமின் சியும் போலேற்றும் பச்சையில் தங்கும். இத்தனையையும் கெடுக்க ஒரு கோப்பைத் தேத்தண்ணி போதும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத்தண்ணி இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிவையுங்கள்.

ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காசு கொடுத்து அவ்வளவும் வாங்க எல்லாராலும் முடியாது. அதனால்தான் நான் தாய்மாருக்குச் சொல்வது: ஒரு கட்டை வாங்கினால் இலையைச் சாப்பிடுங்கள், தண்டை நடுங்கள்.

பொன்னாங்காணித் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டால் ஒன்றரை மாதத்துக்குள் முதல் வெட்டு வெட்டலாம். வல்லாரை கொடியோடிப் படரும். வேரோடு உள்ள துண்டு ஒன்று போதும். எங்கள் கரையோர மண் வெறும் மணல், கிணற்றுத் தண்ணியிலும் உப்பு. ஆகவே நிலத்தைப் பார்த்துக் கவலைப்படாமல், மீனுக்கு ஐஸ் போடும் உடைந்த ரெஜிபோம் பெட்டியை எடுங்கள். உப்புப் போகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, நல்ல மண்ணும் மக்கிய இலைகுழையும் நிரப்புங்கள். பச்சைச் சாணி வேண்டாம், அதில் கிருமி இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெட்டியை நிழலுக்கு இழுத்து, அரிசி கழுவிய தண்ணியை ஊற்றுங்கள். ஒட்ட வெட்டாமல் நுனியைக் கிள்ளினால் அது திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

வீட்டில் வளர்ப்பதில் காசை விடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அந்த இலை எந்தத் தண்ணியில் வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கழிவு வாய்க்கால் ஓரத்திலும் மாடு மேயும் ஈரநிலத்திலும் பிடுங்கியதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் பூச்சியும் மண்ணும் கழலும், ஆனால் எல்லாக் கிருமியும் சாகாது. எனவே ஓடும் தண்ணியில் இலை இலையாக மூன்று தரம் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய பிறகே அரியுங்கள். அரிந்ததை உடனே சாப்பிடுங்கள்.

எல்லா இலையும் பச்சைக்கு ஆகாது. வல்லாரை, பொன்னாங்காணி, கொத்தமல்லி, புதினா நல்லவை. முருங்கை, அகத்தி, சேற்றுத் தண்ணியில் வளரும் கங்குன் ஆகியவற்றைச் சமைத்தே சாப்பிடுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எந்த இலையையும் சுண்டி இறக்கி, பிறகு தேசிக்காய் விட்டுக்கொள்ளட்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்கள் இலைக்கறியைத் திடீரென்று கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்தக் கடற்கரை வீட்டுக்குப் போனேன். குசினிப் படியோரம் மூன்று ரெஜிபோம் பெட்டிகளில் பொன்னாங்காணி நெருங்கிக் கிடந்தது. நான் புறப்படும்போது மூத்த பிள்ளை ஒரு கட்டு வெட்டி, வாழைநாரால் கட்டிக் கையில் தந்தாள்.

"மிஸ்ஸி, இலையை எடுத்துப்போட்டுத் தண்டை எறிஞ்சிடாதீங்கோ."

வீட்டுக்கு வந்ததும் நட்டுவிட்டேன்.